புத்தகம் யார் பெயரில்? வன்னியில் முதன்முறை வாகன வரி எடுக்கப் போகிறவர்களுக்கு

துணுக்காய்ப் பக்கம் குடிவந்து நான் வாங்கிய முதல் மோட்டார் சைக்கிளுக்கு வரி எடுக்கப் போன நாள் இன்னும் நினைவிருக்கிறது. எல்லாக் கடதாசியும் சரி என்று நம்பித்தான் போனேன். இன்சூரன்ஸ் அட்டையில் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பிழையாக அடித்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளை அதைத் தொட்டுக் காட்டி, "இதைத் திருத்திக்கொண்டு வாங்கோ அண்ணா" என்று சொல்லிவிட்டார். அன்றைய கூலி போனது, போய்வந்த பெற்றோலும் போனது. திருத்திய அட்டை கைக்கு வர இன்னும் சில நாள் எடுத்தது, அதற்குள் பழைய வரி முடிந்து தண்டமும் சேர்ந்துவிட்டது. அட்டையை வாங்கிய இடத்திலேயே அரை நிமிடம் நின்று வாசித்துப் பார்த்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டு முகாம்களில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய உறவுகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "இங்கே பதிவை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?" என்பதுதான். இந்தியாவில் சொந்தப் பாவனை வாகனத்தின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. இலங்கையில் வாகனத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது வாகன வருமான அனுமதிப்பத்திரம். ஊரில் அதை வரி என்றோ வரிப்பத்திரம் என்றோ சொல்வார்கள். "வரி எடுத்தாச்சா?" என்று யாராவது கேட்டால் இதைத்தான் கேட்கிறார்கள்.

பதிவு கொழும்பின் வேலை, வரி மாகாணத்தின் வேலை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வாகன அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபைகளின் வருமானமானது. அதனால்தான் வரி எடுக்கக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கும் திணைக்களத்துக்குப் போக வேண்டியதில்லை, உங்கள் பிரதேச செயலகத்திலேயே எடுக்கலாம். கிளிநொச்சி மாவட்டத்தில் இருப்பவருக்கு அது கரைச்சியாகவோ கண்டாவளையாகவோ பூநகரியாகவோ பச்சிலைப்பள்ளியாகவோ இருக்கும். முல்லைத்தீவுப் பக்கம் கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு என்று போகும். ஆனால் பெயர் மாற்றுவது, தொலைந்த வாகனப் புத்தகத்துக்கு, அதாவது பதிவுச் சான்றிதழுக்கு, பிரதி எடுப்பது, எஞ்சின் மாற்றியதைப் பதிவது எல்லாம் திணைக்களத்தின் வேலை. பிரதேச செயலகத்தில் இருப்பவர்கள் நினைத்தாலும் செய்து தர முடியாது. இந்தப் பிரிவினை விளங்காமல் இரண்டு பக்கமும் அலைபவர்கள் இங்கே நிறைய.

கையில் என்ன இருக்க வேண்டும்

சாதாரண மோட்டார் சைக்கிளுக்கோ ஓட்டோவுக்கோ காருக்கோ நான்கு கடதாசி வேண்டும். சென்ற வருட வரிப்பத்திரம், வாகனப் புத்தகம் அல்லது அதன் பிரதி, காலாவதியாகாத இன்சூரன்ஸ் அட்டை, புகைச் சான்றிதழ். லொறி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு வாகனத் தகுதிச் சான்றிதழும் சேரும். லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் மூலப் புத்தகம் நிதி நிறுவனத்திடம் இருக்கும், அவர்களிடம் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரி முடிகிற திகதி பத்திரத்திலேயே இருக்கிறது. அந்தக் கடைசி மாதம் தொடங்கும்போதே இன்சூரன்ஸையும் புகையையும் பார்க்கத் தொடங்குவது நல்லது. முன்கூட்டி எடுத்தால் நாட்கள் வீணாகும் என்று பயப்பட வேண்டாம், புதிய வரி பழையது முடிகிற திகதியில் இருந்துதான் கணக்காகும். பிந்தி எடுத்தாலும் அதே கணக்குத்தான், இடையில் ஓடாத நாட்களுக்குக் கழிவு கிடையாது.

இன்சூரன்ஸில் குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது அது. நீங்கள் இடித்து இன்னொருவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் அவருக்கு நட்டஈடு கிடைப்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் வாகனத்துக்கு அதில் ஒரு சதமும் வராது. இரவில் ஏ9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் கட்டாக்காலி மாடுகள் நடு றோட்டில் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டில் மோதி மோட்டார் சைக்கிள் நொறுங்கினால் மூன்றாம் தரப்புக் காரருக்குக் கைச்செலவுதான். லீசிங் வாகனங்களுக்கு நிறுவனம் முழுக் காப்புறுதியைக் கேட்கும். சொந்தக் காசில் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளுக்கு நான் மூன்றாம் தரப்போடு நிற்கிறேன், புதிதாக வாங்கியவர்களுக்கு முழுக் காப்புறுதியைத்தான் சொல்வேன். எதுவானாலும் அட்டையை வாங்கிய உடனே வாகன இலக்கம், எஞ்சின் நம்பர், செஸி (அடிச்சட்ட) நம்பர் மூன்றையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, தொடங்கும் திகதியையும் வாசியுங்கள்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் அது இடத்திலேயே கட்டிவிட்டு வருகிற சின்னத் தண்டம் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும், தண்டப்பணம் 25,000 ரூபாயில் இருந்து தொடங்கும். ஒரு வருட மூன்றாம் தரப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புகைச் சான்றிதழ்

நாட்டில் புகைப் பரிசோதனை 2008இல் தொடங்கியது. லாஃப்ஸ் ஈகோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா என்ற இரண்டு நிறுவனங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். நிலையங்கள் பெரும்பாலும் பெரிய பட்டினங்களில் இருக்கும், உட்பக்க ஊர்களுக்கு நடமாடும் வண்டிகள் வந்துபோகும். அந்த வண்டி எந்த நாளில் எங்கே நிற்கும் என்பதை உங்கள் ஊர்க் கராஜ்காரர் மற்ற எவரையும் விட நன்றாகச் சொல்வார்.

பெற்றோல் வாகனத்தில் காபன்மொனொக்சைட்டையும் எரியாமல் வெளியேறும் ஐதரோகாபனையும் அளப்பார்கள். டீசலில் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பார்கள். அதற்காக எஞ்சினை முழுவேகத்துக்கு முறுக்குவார்கள் என்பதால், பழைய டீசல் வாகனத்துக்கு ஒயிலும் பெல்ட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

வன்னியில் வாகனங்கள் புகையில் விழுவதற்கு நான் கண்ட முதல் காரணம் தூசி. கிரவல் வீதியில் ஓடுகிற மோட்டார் சைக்கிளின் எயார் ஃபில்டரை வைகாசி, ஆனி மாதத்தில் கழற்றிப் பார்த்தால் செம்மண் அப்பிக் கிடக்கும். காற்றுக் குறைந்தால் பெற்றோல் முழுதாக எரியாது, அளவு எகிறிவிடும். ஃபில்டரைத் துப்புரவாக்கி அல்லது மாற்றி, பிளக்கைப் பார்த்து, காபரேட்டரைச் சரிசெய்து, ஒயில் மாற்றி, அதன் பிறகு போங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும். வீட்டில் இருந்து ஓடிக்கொண்டு போகிற தூரமே அதற்குப் போதும், வரிசையில் நெடுநேரம் நிறுத்தி ஆறவிட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற நாட்களில் அது உயிர் காத்த கெட்டித்தனம், அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் காசு மிச்சம் பிடிக்க இன்றும் கொஞ்சம் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் கலந்த தாங்கியோடு போனால் பரிசோதனையில் தேறுவது கடினம், எஞ்சினும் கெடும்.

விழுந்துவிட்டால் பதற வேண்டாம். அளவுகள் அச்சிட்ட தாளைத் தருவார்கள். அதைக் கராஜ்காரரிடம் அப்படியே கொடுங்கள், எந்த அளவு கூட என்று பார்த்தால் அவருக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்று விளங்கும்.

கவுண்டரில்

இனி மிச்சமிருப்பது சுலபமான பகுதி. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், பணம் வாங்குவதை அலுவலகம் மூடுவதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். போயா நாளில் (பௌர்ணமி விடுமுறை) திறக்காது. மூலங்களோடு ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோக் கொப்பியும், உங்கள் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். கடதாசிகளைக் கொடுத்து, சொல்கிற தொகையைக் கட்டி, பத்திரத்தை வாங்கிக்கொண்டு வரலாம். கவுண்டரை விட்டு நகர முன் வாகன இலக்கத்தையும் முடிகிற திகதியையும் வாசியுங்கள்.

வாசலில் நின்று "நான் எடுத்துத் தாறன்" என்று கேட்பவர்கள் சில இடங்களில் இருப்பார்கள். கடதாசி சரியாக இருந்தால் அவர் செய்யப்போவதும் அதே வரிசையில் நிற்பதுதான். கடதாசி பிழை என்றால் அவராலும் ஒன்றும் ஆகாது. கண் தெரியாத, நிற்க முடியாத வயதானவர்களுக்கு வீட்டுப் பிள்ளை ஒன்று போனால் போதும், உரிமையாளர்தான் வர வேண்டும் என்று கேட்பதில்லை.

இணையத்திலும் எடுக்கலாம். 2023 ஒக்டோபரில் அந்தச் சேவையைப் புதுப்பித்து விரிவாக்கினார்கள். வாகன இலக்கத்தைக் கொடுத்தால் இன்சூரன்ஸ், புகை விவரங்களை அதுவே தேடி எடுக்கும், வங்கி அட்டையால் பணம் கட்டலாம். வேலைநாளில் லீவு எடுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இன்சூரன்ஸ் எடுத்த அன்றே அந்த விவரம் அங்கே தெரியாமல் போகலாம், ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். பல வருட நிலுவை உள்ள வாகனம் என்றால் இணையத்தோடு மல்லுக்கட்டாமல் நேரில் போவதே மேல்.

எவ்வளவு செலவாகும்

மூன்று இடத்தில் மூன்று பணம்: காப்புறுதி நிறுவனத்துக்கு ஒன்று, புகை நிலையத்துக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று. மாகாணக் கட்டணம் வாகனத்தின் வகை, எரிபொருள், வெற்று நிறை ஆகியவற்றைப் பொறுத்தது. அதனால் ஒரே நிறையுள்ள பெற்றோல் காருக்கும் டீசல் காருக்கும் ஒரே தொகை வராது. மாகாணத்துக்கு மாகாணமும் வேறுபடும், கொழும்பில் இருக்கும் மச்சான் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் வாகனத்துக்கு எவ்வளவு என்று அறியச் சுலபமான வழி, சென்ற வருடப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது. கட்டிய தொகை அதிலேயே இருக்கும். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு ஒரு மோட்டார் சைக்கிளுக்கு எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

பிந்தினால் தண்டம். வருடக்கணக்கில் எடுக்காமல் விட்டால் விட்ட வருடங்களின் கட்டணமும் தண்டமும் சேர்ந்து நிற்கும். கொட்டிலில் நிற்கிற வாகனத்துக்கு எதற்கு வரி என்று பலர் நினைக்கிறார்கள். நிற்கிறது என்பதை நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? வாகனம் பாவனையில் இல்லை என்று, வரி முடிய முன்பே, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். பழைய வாகனம் வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும். விலை மலிவாக இருக்கிறது என்று பாய்ந்து வாங்கினால் முந்தியவர் விட்ட நிலுவை உங்கள் தலையில் விழும்.

புத்தகம்

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொது. வன்னியில் உண்மையான சிக்கல் புத்தகத்தில்தான் இருக்கிறது.

வரி எடுக்கும் கவுண்டரில் புத்தகம் உங்கள் பெயரில்தானா என்று பார்ப்பதில்லை, கடதாசி சரியென்றால் போதும். அதனால் வாங்கிய வாகனத்தை, விற்றவர் கையெழுத்துப் போட்ட வெறும் படிவத்தோடு அப்படியே வைத்து ஓடுகிறார்கள். ஓபன் பேப்பர் என்பது அதுதான். மூன்று கை, நான்கு கை மாறிய பிறகும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர் இருக்கும். அந்த ஆள் கனடாவுக்குப் போயிருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது இதன் வலி பலருக்குத் தெரிந்தது. திணைக்களத்தின் பதிவோடு வாகன இலக்கமும் செஸி நம்பரும் ஒத்துப்போக வேண்டும் என்று வந்ததும், பிழையான கடதாசியோடு இருந்தவர்கள் வரிசையில் நின்றும் வெறும் தாங்கியோடு திரும்பினார்கள். விபத்து நடந்தால் பொலிஸ் தேடிப் போவதும் புத்தகத்தில் இருக்கும் பெயரைத்தான்.

ஆகவே வாங்குகிற அன்றே பெயர் மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். வாங்குபவர் நிரப்புவது திணைக்களத்தின் எம்.டி.ஏ 6 படிவம், விற்பவர் அறிவிப்பது எம்.டி.ஏ 8 படிவத்தில். விற்றவர் தன் அறிவித்தலை 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும், அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வது அவருக்கும் பாதுகாப்பு. இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளும் வேண்டும். காசு கைமாற முன்னர் வாகனத்தில் குத்தியிருக்கும் செஸி நம்பரைப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து அடிப்படை விவரங்களையும் பார்க்கலாம், லீசிங் நிறுவனம் ஒன்றின் பெயர் இன்னும் அதில் நிற்கிறதா என்பது முக்கியம். லீசிங் கட்டி முடித்தவர்களும் அந்தப் பெயரை நீக்கும் கடிதத்தை வாங்கிப் பதிய மறக்கக் கூடாது. மேல் மாகாணத்தில் இருந்து இங்கே வந்த வாகனம் என்றால் பெயரோடு விலாசத்தையும் மாற்றிவிடுங்கள்.

2009இல் போரின் கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியபோது வாகனத்தையும் விட்டோம், புத்தகத்தையும் விட்டோம். வாகனம் எப்படியோ திரும்பக் கிடைத்து, புத்தகம் இல்லாமல் இன்றும் வயலுக்குள் மட்டும் ஓடுகிற மெசின்கள் (உழவு இயந்திரங்கள்) இருக்கின்றன. பெயர் உங்களுடையது என்றால் வழி இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுத்து, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, திணைக்களத்தில் புத்தகத்தின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பழைய வரிப்பத்திரமோ இன்சூரன்ஸ் அட்டையோ ஒரு துண்டு கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள், இலக்கங்களைக் காட்ட அது உதவும்.

பெயர் காலமானவருடையது என்றால் மரணச் சான்றிதழோடு வாரிசு உரிமையைக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு சட்டத்தரணியிடம் போவதுதான் சரி. காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் வாகனத்தை வைத்திருக்கும் குடும்பங்களிடம் மரணச் சான்றிதழ் எடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. இறப்புகளைப் பதிவது பற்றிய 2010இன் 19ஆம் இலக்கச் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, இறந்தார் என்று சொல்லாமலேயே அவர் இல்லாதிருப்பதைச் சான்றுபடுத்தும் பத்திரம் ஒன்றுக்கு இடம் வைத்தார்கள். குடும்பத்தின் சொத்து அலுவல்களைப் பார்க்க அது உதவும் என்பதால், அதை எடுப்பதா இல்லையா என்ற முடிவைக் குடும்பமே எடுத்துக்கொண்டு, சட்டத்தரணியோடு பேசிப் பாருங்கள்.

பத்திரம் கைக்கு வந்த பிறகு

கார், வானில் முன்கண்ணாடியின் இடப்பக்கம் உள்ளிருந்து ஒட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் அதற்கென்று விற்கும் சிறிய பிளாஸ்டிக் உறை போதும். கார்த்திகை மழையில் உறைக்குள் நீர் இறங்கி எழுத்து அழிந்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவைத்து, ஒரு கொப்பியை வீட்டிலும் வையுங்கள். ஏ9 வீதியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்கள், அந்த நிறுத்தத்திலேயே உறையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

உழவு இயந்திரக்காரருக்கு ஒன்று. மெசினும் அது இழுக்கும் பெட்டியும் இரண்டு தனிப் பதிவு, இரண்டு தனி வரி. அறுவடை நேரத்தில் நெல் ஏற்றிக்கொண்டு வீதிக்கு வரும்போதுதான் பெட்டியின் வரி முடிந்தது பலருக்கு நினைவு வருகிறது. மெசினின் திகதிக்குப் பக்கத்தில் பெட்டியின் திகதியையும் கலண்டரில் எழுதிவையுங்கள், இரண்டும் ஒரே நாளில் முடிவது அரிது.